பத்து நாளில் இந்தியாவைக் காட்டுவது: வடக்கிலிருந்தா, பொருநைக் கரையிலிருந்தா?

வாசகர் கேள்வி, 2024 அக்டோபர் 6

டொராண்டோவில் இருக்கும் என் அண்ணனும் மதினியும் பிள்ளைகளோடு டிசம்பர் கடைசியில் வருகிறார்கள். மூத்தவளுக்குப் பதினான்கு வயது, இளையவனுக்குப் பதினொன்று. இருவருக்கும் இந்தியப் பயணம் இதுவே முதல் முறை. டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றையும் பார்த்துவிட்டால் இந்தியாவின் பாரம்பரியத்தைப் பார்த்ததாகிவிடும் என்பது என் கருத்து. நம்மூரில் ஆச்சியைப் பார்த்துவிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் கிளம்பிவிடலாம். நம் பக்கத்தில் உலகப் பாரம்பரியச் சின்னம் ஒன்றுகூட இல்லையே. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள். (அம்பாசமுத்திரம்)

அக்டோபர் 6, இரவு

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது உண்மையன்று. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் அகத்தியமலைத் தொகுதியும் ஒன்று. களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அதற்குள் அடங்குகிறது. அம்பாசமுத்திரத்து மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிவது அந்த மலைதான். 2024 ஜூலையில் அசாமின் மொய்தாம்கள் (அகோம் அரச குடும்பத்தாரின் புதைமேடுகள்) சேர்ந்தபோது இந்தியாவில் இத்தகைய இடங்கள் 43 ஆயின. அவற்றுள் ஒன்றின் அடிவாரத்தில் ஆச்சியின் வீடு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

டெல்லியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் என்று 121 மொழிகளைக் காட்டியது. இவ்வளவு பெரிய நாட்டைத் தூரம் கடந்து தெரிந்துகொள்ள முடியாது. ஓர் ஆற்றை அதன் மலையிலிருந்து கடல்வரை தொடர்ந்து போய், ஒவ்வோர் ஊரிலும் இங்கே யார் வந்தார்கள், எதைக் கொண்டுவந்தார்கள், இன்று அடுத்த தெருக்காரரோடு எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்கப் பழகினால், அந்தப் பழக்கம் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் உதவும். பொருநை என்றும் பெயர் பெற்ற, பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணி ஏறக்குறைய 125 கிலோமீட்டரே ஓடுகிறது. நான்கைந்து நாளில் அதன் கரையோடு நிதானமாகப் போய்வரலாம்.

அக்டோபர் 7

"உங்களுக்கு ஊர்ப்பற்று, அதனால் சொல்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர்ப்பற்று உண்டு, ஆனால் காரணம் அதுவன்று.

பாளையங்கோட்டையில் வரலாற்று ஆசிரியையாக வேலை பார்த்த காலத்தில் மாணவிகளை வடக்கே சுற்றுலாவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஒரே நாளில் செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை என்று பேருந்திலிருந்து இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தோம். மாலையில் எது எந்த நூற்றாண்டு என்று கேட்டபோது யாருக்கும் நினைவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வேகத்தில் எனக்கே மனத்தில் ஒன்றும் தங்கவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிலைமை மாறியது. மெஹ்ரௌலியில் குதுப் வளாகத்துக்குள் நிற்கும் இரும்புத் தூணைப் பார்த்த ஒரு மாணவி, ஏரல் பக்கத்துப் பெண், "டீச்சர், ஆதிச்சநல்லூர்லயும் இரும்பு கிடைச்சிருக்குல்லா? அதையும் இவங்கதான் செஞ்சாங்களா?" என்று கேட்டாள். குப்தர் காலத்தைச் சேர்ந்த அந்தத் தூண் ஏழு மீட்டருக்கு மேல் உயரமானது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருப்பதால் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. இதையெல்லாம் நான் முன்பே வகுப்பில் சொல்லியிருந்தேன், யாரும் பொருட்படுத்தவில்லை. தன் ஊர்ப் பக்கத்துப் பறம்பில் கிடைத்த இரும்பை அவள் அறிந்திருந்ததால்தான் அந்தக் கேள்வி பிறந்தது. அதன்பின் குழுவில் இருந்த எல்லோரும் தூணைச் சுற்றி நின்று பேசத் தொடங்கினார்கள்.

அதனால்தான் முதலில் இங்கே என்கிறேன்.

அக்டோபர் 9

ஆதிச்சநல்லூரில் பார்க்க என்ன இருக்கிறது, வெறும் பொட்டல்தானே என்று கேட்டவருக்கு:

1876-இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அடுத்து 1899 முதல் அலெக்சாண்டர் ரீ பல பருவங்கள் அகழ்ந்தார். தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்பு ஆயுதங்கள், முதுமக்கள் தாழிகள் என்று அவர் எடுத்தவற்றில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை 2004–05-இலும் பிறகு 2021 முதலும் மீண்டும் அகழ்ந்தது. 2023 ஆகஸ்டில், தாழிகளை எடுத்த குழிக்குள்ளேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்து, நடந்தபடி பார்க்கும் வசதியைச் செய்தார்கள். சில்லுச் சில்லாகக் கண்ணாடிப் பேழையில் அடுக்கிய பொருள்களைப் பார்ப்பதற்கும், மண்ணுக்குள் ஒருவரை எப்படி வைத்தார்களோ அதே நிலையில் காலடியில் பார்ப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. பிள்ளைகளை அங்கே அவசரப்படுத்தாதீர்கள். அவர்களாகவே கேட்கும் வரை விளக்கவும் வேண்டாம்.

திருச்செந்தூர்ச் சாலையில் அதற்கு முன்பே கிருஷ்ணாபுரம் வந்துவிடும். வேங்கடாசலபதி கோயில் தூண்களில் இருக்கும் குறவன், ரதி, கர்ணன் சிலைகள் பதினாறாம் நூற்றாண்டு நாயக்கர் காலத்தவை. கல்லில் நரம்பும் நகமும் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது பார்ப்பது நல்லது.

அக்டோபர் 9, சற்றுப் பின்

"ஆதிச்சநல்லூர் தூத்துக்குடி மாவட்டம், திருநெல்வேலி என்று எழுதாதீர்கள்." சரிதான். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்கள் ஆயின. நான் திருநெல்வேலிச் சீமை என்ற பொருளில், ஆற்றைக் கொண்டு பேசுகிறேன். மாவட்ட எல்லை போட்டதால் ஆறு துண்டாகிவிடவில்லை.

அக்டோபர் 13

பல பண்பாட்டு மக்கள் கூடி வாழ்வது டொராண்டோப் பிள்ளைகளுக்குப் புதிய செய்தியன்று. அவர்கள் வகுப்பிலேயே பல நாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் அங்கே அது பெரும்பாலும் பெற்றோர், தாத்தா தலைமுறையில் நடந்த இடப்பெயர்ச்சி. பல நூறு ஆண்டுகளுக்குமுன் வந்தவர்கள் இன்று எப்படி இருப்பார்கள் என்பதை இங்கே அவர்கள் பார்க்கலாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து கிழக்கே வாருங்கள். வீரவநல்லூரில் நெசவுத் தொழிலோடு வந்த சௌராஷ்டிரர்கள் வாழ்கிறார்கள். குஜராத்திலிருந்து வந்த மொழியை வீட்டிலும் தமிழைத் தெருவிலும் பேசுகிறார்கள். அதற்கடுத்துப் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, நூல்போல் மெல்லியதாகக் கிழித்து, பட்டுப்பாய் நெய்பவர்கள் அங்குள்ள இசுலாமியக் குடும்பத்தார். இந்துக் கல்யாணங்களுக்கு மணமகன், மணமகள் பெயரைப் பாயிலேயே நெய்து தருகிறார்கள். 2013-இல் இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. என் கல்யாணப் பாயும் அங்கே நெய்ததுதான். ஓரம் சற்று நைந்திருக்கிறதே தவிர, எங்கள் பெயர்கள் இன்னும் அழியவில்லை. பல ஊர் பார்க்க நேரமில்லை என்றால் பத்தமடையில் மட்டுமாவது அரை நாள் இருங்கள். தறியருகே உட்கார அனுமதி கேளுங்கள். நெய்கிறவரின் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். படம் எடுத்துக்கொண்டு சும்மா வருவது முறையன்று.

பாளையங்கோட்டையில் 1785-இல் கட்டிய சிறிய கிறித்தவ ஆலயம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டியவர் தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை. 1778-இல் ஜெர்மானியப் போதகர் சுவார்ட்சு அவருக்குக் குளோரிந்தா என்ற பெயரில் திருமுழுக்குக் கொடுத்தார். ஊரில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்வார்கள். அந்த ஒருவரின் வாழ்க்கையிலேயே இந்த நாட்டின் எத்தனை கிளைகள் வந்து சேர்ந்திருக்கின்றன என்று மூத்த பெண்ணிடம் எண்ணச் சொல்லுங்கள்.

போகிற போக்கில் வாங்குவதாகச் சொன்ன அல்வாவும் இதில் அடக்கம். சொக்கம்பட்டி ஜமீன்தார் வடக்கேயிருந்து அழைத்து வந்த இராஜபுத்திரச் சமையல்காரர்கள் வழியாக அது இங்கே வந்தது என்பது ஊரில் வழங்கும் செய்தி. ஜெய்ப்பூர் போகும் முன்பே இராஜஸ்தானத்தை வாயில் போட்டுக்கொள்ளலாம்.

அக்டோபர் 14

நம் பக்கத்துச் செங்கோட்டையை விட்டுவிட்டேன் என்கிறார் அவ்வூர் நண்பர். அது 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சையும், கேரளச் சாயலில் சரிந்து இறங்கும் ஓட்டு வீடுகளையும் அங்கே காணலாம். டெல்லிச் செங்கோட்டையும் தென்காசிச் செங்கோட்டையும் ஒரே பயணத்தில் அமைந்தால் இளையவனுக்குப் பிடிக்கும்.

அக்டோபர் 19

கடற்கரைப் பக்கத்தைத் தனியே எழுத வேண்டும், ஏனென்றால் இந்தச் சீமை உலகத்தோடு பேசியது அந்த வாசல் வழியாகத்தான்.

கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க மொழியில் எழுதிய பழைய கடற்பயணக் குறிப்பிலும் தாலமியின் நூலிலும் அதன் பெயர் வருகிறது. இன்று அங்கே போனால் கடல் தெரியாது. ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. வயலும் வாழையும் ஒரு பழைய வன்னிமரமும்தான் இருக்கும். பிள்ளைகள் ஏமாற்றமடைவார்கள் என்று அஞ்ச வேண்டாம். துறைமுகத்தைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு, அந்த ஊருக்குச் சோறு போடும் அதே ஆறுதான் விடை என்பதை அவர்களாகவே கண்டுபிடிக்கட்டும்.

கொற்கை தூர்ந்தபின் காயல் என்னும் துறைமுகம் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னன் ஹோர்முஸ், ஏடன் முதலான துறைகளிலிருந்து குதிரைகளை வாங்கிக் குவித்ததையும், சரியாகப் பேணத் தெரியாததால் அவை மாண்டுபோனதையும் எழுதியிருக்கிறார். கடலுக்கு வெகுதூரம் மேற்கே, ஆற்றங்கரையில் உள்ள திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்தளச் சுவரோவியங்களில் குதிரைகள் ஏற்றிய கப்பல் ஒன்று இருக்கிறது. வெனிசு வணிகர் எழுதியதையும் நம் ஓவியர் வரைந்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வாய்ப்பது அரிது. உள்ளே ஏற முன்அனுமதி தேவை, கோயிலில் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

காயல்பட்டினத்துக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். பெண்கள் போய்வருவதற்கென்றே வீடுகளுக்கிடையே அமைந்த சந்துகளும், திருமணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழும் வழக்கமும், அரபு எழுத்தில் தமிழை எழுதிய மரபும் அவ்வூருக்கு உரியவை. பெண்கள் சந்தில் உங்கள் வீட்டு ஆண்கள் நுழையக் கூடாது, இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

மணப்பாட்டில் மணல் மேட்டின்மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயம் 1581-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1542-இல் வந்த பிரான்சிசு சவேரியார் தங்கிய குகை கடலைப் பார்த்தபடி இருக்கிறது. புன்னைக்காயலில் வாழ்ந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் என்ரீக்கே என்ரீக்கசு ஆக்கிய தமிழ் நூல் 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழி ஒன்றின் எழுத்து இந்திய மண்ணில் அச்சானதற்கு நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. நம் முத்துக்குளித்துறைப் பரதவரோடு பழகித்தான் அவர் தமிழ் கற்றார்.

அக்டோபர் 20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "எல்லோரும் ஒற்றுமையாக வாழும் சொர்க்கம் போல இருக்கிறதே" என்று ஒருவர் மகிழ்ந்திருக்கிறார். அப்படி ஓர் எண்ணத்தோடு பிள்ளைகள் டொராண்டோ திரும்பினால் நாம் அவர்களுக்குப் பாதியைத்தான் காட்டியிருப்போம்.

கழுகுமலைக்கு அவசியம் போங்கள். வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துப் படைப்பு. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து விமானத்தைச் செதுக்கியவர்கள் அடித்தளத்தை முடிக்காமலே விட்டிருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலையும் இப்படித்தான் மேலிருந்து வெட்டினார்கள். பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் திருமேனிகள், கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். அவர்களுள் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு. ஆசிரியையாக இருந்த எனக்கு அந்தப் பாறையின்முன் நிற்பது எப்போதும் பெருமிதம் தரும். இவையனைத்தையும் பார்த்த பிறகு, அதே ஊரில் 1895-இல் சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், யார் போகலாம் என்பதற்காகக் கலவரம் நடந்து உயிர்கள் போயின என்பதையும் சொல்லுங்கள். கோயில்களுக்குள் எல்லாச் சாதியாரையும் அனுமதிக்க வழிசெய்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1939-இல்தான் வந்தது. அழகான தூண்களைத் தொட்டுப் பார்க்க அந்தத் தூண்களைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதும் பாரம்பரியத்தில் சேர்ந்ததே.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். அவிழ்க்கச் சொல்வேன், மறுநாள் மீண்டும் கட்டியிருக்கும். வரலாற்றுப் பாடத்தை எப்படி நடத்த வேண்டும் என்ற என் எண்ணத்தை மாற்றியது அந்தக் கயிறு. மன்னர் பெயர்களை ஒப்பிக்கச் செய்வதைக் குறைத்துக்கொண்டு, "உங்கள் வீட்டார் இந்த ஊருக்கு எப்போது, எங்கிருந்து வந்தார்கள்?" என்று கேட்டு எழுதிவரச் சொல்லத் தொடங்கினேன். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்களாகவே இருந்தார்கள். சிலர் கயிற்றை விட்டார்கள், சிலர் விடவில்லை.

நவம்பர் 2

வடக்குப் பயணத்துக்கான குறிப்புகளைக் கேட்டிருக்கிறார் அம்பாசமுத்திரத்துத் தம்பி.

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, டெல்லிச் செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் அங்கே ரயில், விமானம் இரண்டும் தாமதமாகும், ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். டெல்லிக்குப் போகும்போதாவது திருக்குறள் விரைவு ரயிலில் போங்கள். திருநெல்வேலியிலேயே ஏறி, விஜயவாடா, நாக்பூர், போபால் வழியாக நிஜாமுதீன் சேரலாம். நிலையப் பெயர்ப்பலகையில் தமிழ் போய்த் தெலுங்கு வருவதும், தெலுங்கு போய்த் தேவநாகரி வருவதும், தேநீர் விற்பவரின் குரல் மாறுவதும், வயல்களில் நெல்லுக்குப் பதில் கோதுமையும் கடுகும் தெரியத் தொடங்குவதும் விமானத்தில் கிடைக்காத பாடம். ஜன்னலோரம் பிள்ளைகளுக்கு.

நேரம் இருந்தால் ஜெய்ப்பூருக்குப் பதிலாகக் காசியைச் சேர்க்கச் சொல்வேன். அப்படிச் சேர்ப்பதானால் கிளம்பும் முன் தென்காசிக் கோயிலைக் காட்டிவிடுங்கள். 1446-இல் பராக்கிரம பாண்டியன் தொடங்கிய கோயில் அது. வடகாசிக்குப் போக முடியாதவர்களுக்காகக் கட்டியது என்பார்கள். பிற்காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட்டால் அதைச் செப்பனிடுகிறவர்களின் அடியில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று அந்த மன்னன் கல்வெட்டில் பாடல் வெட்டிவைத்தான். கோபுரம் இடிந்து நெடுங்காலம் கிடந்து, 1990-இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. எட்டயபுரத்தில் பிறந்த பாரதி 1898 முதல் 1902 வரை காசியில் வாழ்ந்தார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். போக்குவரத்து ஒருவழியானது அன்று. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளியமரத்தைக் காட்டும்போது, அயோத்தியில் இருந்த மதுரகவி தெற்கே ஓர் ஒளியைக் கண்டு இந்த ஆற்றங்கரை வரை நடந்து வந்தார் என்ற மரபுக் கதையையும் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 11

தம்பி எழுதியிருக்கிறார். ஆற்றங்கரையில் நான்கு நாள் இருந்துவிட்டு, ரயிலில் டெல்லி போய், ஆக்ரா பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். காசிக்கு நேரம் அமையவில்லை. தாஜ்மகால் முன் இளையவன், "இதில் பூ பதித்த கல்லெல்லாம் எந்த ஊரிலிருந்து வந்தது, பதித்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்?" என்று வழிகாட்டியிடம் கேட்டானாம். அவர் ஷாஜகான் கதையை நிறுத்திவிட்டு, தாஜ்கஞ்சில் இன்றும் அதே கல் பதிக்கும் தொழிலைச் செய்யும் ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனாராம். பத்தமடையில் தறியருகே உட்கார்ந்திருந்தவன் அவன்தான். மூத்தவளுக்கு மணப்பாட்டைவிடக் கழுகுமலைதான் மனத்தில் நின்றதாம். 1895-ஐப் பற்றிப் பள்ளியில் எழுதப் போகிறாளாம், படிக்க என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாள். கால்டுவெல் எழுதிய மாவட்ட வரலாறு 1881-இலேயே வெளிவந்துவிட்டதால் அதில் இந்தக் கலவரம் இருக்காது. பழைய திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) 1917-ஐச் சேர்ந்தது, அதிலிருந்து தொடங்கட்டும். ஆனால் அது ஆட்சியாளர் பார்வையில் எழுதியது என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஜனவரி 24

நேற்று வந்த அறிவிப்பைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டச் சிவகளை அகழாய்வில் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று மாநில அரசு வெளியிட்டிருக்கிறது. அதே ஊரில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் சொன்னார்கள். மகிழ்ச்சியான செய்திதான். அதே நேரம், காலக்கணிப்பு என்பது இரும்பின் பக்கத்தில் கிடைத்த கரி முதலியவற்றை வைத்துச் செய்வது என்பதையும், பிற இடங்களிலும் இத்தகைய காலம் கிடைக்கும்போதுதான் ஆய்வாளர்கள் உறுதியாகப் பேசுவார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். "உலகுக்கே நாம்தான் கற்றுக்கொடுத்தோம்" என்று இங்கே சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த மண்ணில் தோண்டும் தொழிலாளர்கள் ஒரு சில்லை எடுக்க எவ்வளவு பொறுமையாகத் தூரிகையால் துடைக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் அப்படி அவசரப்பட மாட்டார்கள்.

டொராண்டோவிலிருந்து மூத்தவள் கேட்ட கேள்விக்குப் பதில்: சிவகளைப் பொருள்களைப் பார்ப்பதற்காக ரெட்டியார்பட்டியில் மாநிலத் தொல்லியல் துறை பொருநை அருங்காட்சியகத்தை அமைத்திருக்கிறது. அடுத்த முறை வரும்போது அதையும், போகும் வழியில் எழும்பூரில் ரீ எடுத்த நெற்றிப்பட்டங்களையும் பார்த்துவிடலாம். பெர்லினில் இருப்பவற்றைப் பார்க்க அவளுக்கு அங்கிருந்து போவதுதான் எளிது. போனால் எழுதட்டும்.